ஊர்ப் பள்ளி யாருடையது?

பள்ளி வேண்டும், பள்ளி வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் குரல் தேய்ந்த நாடு இது. கேட்டது கிடைத்தது. ஊருக்குப் பள்ளி வந்தது, கூரை ஓடாயிற்று, ஓடு காரையாயிற்று, கரும்பலகை வந்தது, கணிப்பொறியும் வந்தது. இன்றைக்குப் பள்ளி இருக்கிறது. பல ஊர்களில் பிள்ளைகளைத்தான் காணோம்!

2019-ம் ஆண்டில், ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றத் தமிழக அரசு முடிவெடுத்தது. நூலகம் நல்லதுதான், வேண்டாமென்பார் யார்? ஆனால் எழுத்தறிவிக்கும் இடத்தை மூடிவிட்டு ஏடு அடுக்கும் இடமாக்குவது, அடுப்பை அணைத்துவிட்டுப் பந்தியில் இலை போடுவது போன்றதல்லவா? செய்தி நாளேடுகளில் ஒரு நாள் வந்தது, மறுநாள் மறைந்தது. மறக்கத்தக்க செய்தியா அது? நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது என்கிறோம். ஏனெனில், இந்தப் பள்ளிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

வந்த வழி

ஏழையின் பிள்ளைக்கும் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைக்கும் எழுத்து எட்டாக்கனியாக இருந்த காலமுண்டு. ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே 1894-ல் அடையாற்றில் ஒரு பள்ளியை ஆல்காட் திறக்க வேண்டியிருந்தது என்றால், மற்றப் பள்ளிகளின் கதவுகள் எப்படி இருந்தன என்பதை விளக்கவும் வேண்டுமோ? 1920-ல் சென்னை மாகாணத்துத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. ஓரணாதான். ஆனால் 'பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது' என்ற உண்மையை ஓர் ஆட்சிமன்றம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அந்த ஓரணா!

1953-ல் வேறொரு திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி. மீதி நாள் அப்பன் தொழில். உழுபவன் மகன் உழட்டும், வெளுப்பவன் மகன் வெளுக்கட்டும் என்பதுதானே இதன் பொருள் என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானார். அந்தத் திட்டம் மண்ணுக்குள் போயிற்று. 1956-ல் மதிய உணவு வந்தது. முதலில் அது கருவூலத்துப் பணமன்று. ஊரார் கொடுத்த அரிசி, ஊரார் கொடுத்த பருப்பு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார். ஒருவர் நிலம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் கூலி வாங்காமல் சுவர் எழுப்பினார். பள்ளியை 'சர்க்கார் கட்டடம்' என்று அன்று எவரும் சொல்லவில்லை. 'எங்க ஊர்ப் பள்ளிக்கூடம்' என்றார்கள்.

ஆட்சிகள் மாறின, பள்ளியின் பந்தி மட்டும் நின்றுவிடவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஆயிரம் விளக்கில் மூட்டிய அடுப்பு, ஒரு நூற்றாண்டைக் கடந்தும் எரிகிறது. கட்சி கடந்து இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பயன் என்ன? 2021–22-ம் ஆண்டுக்குரிய மையக் கல்வி அமைச்சகத்தின் கணக்குப்படி, உயர்கல்வி பெறும் வயதினருள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 28.4 பேர் கல்லூரிக்குப் போனார்கள்; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர். சந்திரயான் முதல் திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டத்துக் கோதவாடியில் தமிழில் படித்தவர். 2018 முதல் 2022 வரை விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த கே.சிவன், குமரி மாவட்டத்துச் சிற்றூரில் தமிழில் படித்தவர். ஊர்ப் பள்ளி உருப்படாதது என்று உதட்டைப் பிதுக்குவோர் இந்தப் பெயர்களைக் கேட்டேனும் உதட்டை மூடட்டும்.

பெற்றோர் மீது பழி போடலாமா?

ஆனால், பழம்பெருமை பேசிப் பொழுது கழிக்க நாம் வரவில்லை. அண்ணாதுரையும் சிவனும் படித்தது அன்றைய பள்ளியில். இன்றைய பள்ளியின் நிலையென்ன என்பதே கேள்வி.

கூலி வேலை செய்யும் தாய், கழுத்தில் கிடந்த குண்டுமணித் தங்கத்தை அடகு வைத்துத் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிறாள். அவளைப் பார்த்து, 'ஆங்கில மோகம்' என்று ஏளனம் பேசுவோர் இருக்கிறார்கள். நாம் பேசமாட்டோம். அவள் மோகத்தால் போகவில்லை, அச்சத்தால் போகிறாள். தன்னைப்போல் தன் மகளும் வெயிலில் வேகக்கூடாதே என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு ஊர்ப் பள்ளி விடை சொல்லியிருந்தால் அவள் ஏன் அடகுக் கடைக்குப் போகிறாள்?

தனியார் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியோ ஐந்து வயதில்தான் கதவைத் திறந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அங்கே பழகிவிட்ட பிள்ளையை இங்கே வா என்றால் எப்படி வரும்? 2019-ல்தான் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலை வகுப்புகளைத் தொடங்கினார்கள். தொடங்கியது நன்று. ஆனால், அதைக் காலத்தே செய்திருந்தால் இத்தனை பள்ளிகள் காலியாகியிருக்குமா?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்

எல்லாவற்றிலும் பெரிய காரணத்துக்கு வருவோம். அதைப் பற்றி மேடையில் பேசுவோர் குறைவு. ஊரிலோ அனைவரும் அறிவர்.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகள். முதலிரண்டு வகுப்புக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நந்நான்கு பாடம். அடுத்த மூன்று வகுப்புக்கும் அறிவியல், சமூக அறிவியல் சேர்த்து ஐந்தைந்து பாடம். ஆக மொத்தம் 23 பாடங்கள், நடத்துவோர் இருவர்! அவருள் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். இரண்டாம் வகுப்பைக் கவனித்தால் நான்காம் வகுப்பு கத்தும். நான்காம் வகுப்பை அடக்கினால் முதல் வகுப்பு அழும். கற்பிக்க வந்தவர் காவற்காரராகிறார்.

இதைப் பெற்றோர் பார்க்கிறார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை குறைந்ததும், 'ஆசிரியர் உபரி' என்று ஓலை வருகிறது. 'பணி நிரவல்' என்ற பெயரில் அவரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். ஆசிரியர் குறைந்ததும் இன்னும் பத்துப் பிள்ளைகள் போகின்றன. பிறகு, 'பிள்ளையே இல்லாத ஊருக்குப் பள்ளி எதற்கு?' என்று கேட்கிறார்கள். பாத்தியில் நீரை நிறுத்திவிட்டு, பயிர் ஏன் வாடியது என்று கேட்பதைப்போல இருக்கிறது இது!

குற்றம் எங்கே என்று தெரிகிறதா? தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. இந்த ஓர் எண்ணிக்கைப் பிழையைத் திருத்தாத வரையில், எத்தனை வண்ணச் சுவர் எழுப்பினாலும், எத்தனை திரையை மாட்டினாலும் ஊர்ப் பள்ளி தழைக்காது என்று உறுதியாகக் கூறுவோம்.

இருக்கும் ஆசிரியரையாவது பாடம் நடத்த விடுகிறோமா? மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று பணிகளைத் தவிர வேறு எந்தப் புறவேலையையும் ஆசிரியர் தலையில் ஏற்றக்கூடாது என்று அதே சட்டத்தின் 27-ம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில்? பிள்ளையின் உயரம், எடை, வங்கிக் கணக்கு, செருப்பின் அளவு வரை இணையத்தில் ஏற்றும் வேலை ஆசிரியருடையதாயிற்று. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை 'வருகை' என்ற ஒரு குறியாகத் திரையில் ஏறுகிறது. அதன் கையில் இருக்கும் சிலேட்டைப் பார்க்கத்தான் நேரமில்லை.

ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் கற்பிக்க 2012-ல் 16,000-க்கு மேற்பட்டோரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! பிறகு சிறிது சிறிதாக உயர்த்தினார்கள். ஒரு மாநிலத்தின் பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஓவியமும் சொல்லித்தர வந்தவரை, தன் வீட்டு அடுப்புக்கே கணக்குப் பார்க்கும்படி வைத்தது எந்த நியாயம்?

அப்பன் மகனைத் தேர்வில் தள்ளினால் திருந்துமா?

இப்படியெல்லாம் விதைத்துவிட்டு, விளைச்சலைப் பற்றி வியப்படைவானேன்? 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறை. நோக்கம் சரி; முறையும் சரி. ஆனால் அப்படி ஓர் இலக்கை வைக்க நேர்ந்ததே நிலைமையைச் சொல்லவில்லையா? மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அரசே ஒப்புக்கொண்டதன்றோ அது?

இதற்குச் சிலர் கண்ட மருந்து, தேர்வு வைத்துத் தோல்வியுறச் செய்வது. 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்றார்கள். நாடு எதிர்த்தது, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பத்து வயதுப் பிள்ளை படிக்கத் தெரியாமல் நின்றால், ஐந்தாண்டு அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த பள்ளிதானே தோற்றது? பள்ளியின் தோல்வியைப் பிள்ளையின் நெற்றியில் எழுதி வயலுக்கு அனுப்புவது, 1953-ன் அரைநாள் திட்டத்தைப் புறவாசல் வழியாக அழைத்து வருவதாகும். தேர்வை எதிர்ப்பது நம் கடமை. ஆனால், எதிர்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குவது நம் கடமையன்று. தேர்வும் இல்லை, கல்வியும் இல்லை என்றால், ஏழைப் பிள்ளையை நாம் ஏமாற்றியவர்களாவோம்.

தில்லியும் கோட்டையும்

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது கோத்தாரிக் குழு, ஆண்டு 1966. அதே ஆறு பங்கை மீண்டும் எழுதியது தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டு 2020. 54 ஆண்டு இடைவெளியில் ஒரே வரியை இரண்டு முறை எழுதினார்கள். ஒரு முறையேனும் கொடுத்தார்களா?

1976-ல், நெருக்கடிக் காலத்தில், 42-ஆவது சட்டத்திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு எடுத்துச் சென்றார்கள். அன்று போன சாவி இன்னும் திரும்பவில்லை. 2024–25-ல், பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயைத் தில்லி நிறுத்தி வைத்தது. 2025-ல் மாநில அரசு உச்சநீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்காகப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்குவதா?

இதைக் கண்டிப்பதில் நாம் எவர்க்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொல்கிறோம். தில்லி பணம் தராததைக் காட்டி, கோட்டை தன் கடமையை மறைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்று ஆணையிடத் தில்லியின் ஒப்பம் தேவையில்லை. சட்டம் சொல்வது குறைந்த அளவுதான். அதற்கு மேல் கொடுக்காதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

குரல் உள்ளவர் வெளியேறினார்

ஊர்ப் பள்ளியின் கூரை அன்று ஒழுகினால், ஊர்ப் பெரியவரின் பேரனும் நனைந்தான். ஆகவே மறுநாளே கூரை மாறிற்று. இன்று அவர் பேரன் அங்கே இல்லை. வட்டாட்சியர் மகன் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் மகள் இல்லை. எத்தனையோ இடங்களில் அந்தப் பள்ளி ஆசிரியரின் பிள்ளையே அங்கு இல்லை! கேட்கத் தெரிந்தவர் போய்விட்டார். கேட்கத் தெரியாதவர் தங்கிவிட்டார்.

2015-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசு ஊதியம் பெறுவோரும் மக்களின் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று உத்தரப்பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் நின்றது. ஆனால் நோயின் வேரை அந்த நீதிமன்றம் சரியாகத் தொட்டது. கோத்தாரிக் குழு 'அருகமைப் பள்ளி' என்று அன்றே சொன்னதும் இதைத்தான். ஒரு பகுதியில் வாழும் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பகுதிப் பள்ளியிலேயே படிக்கவேண்டும்.

இதில் இன்னொரு கேடும் ஒளிந்திருக்கிறது. வசதி உள்ளவர் வெளியேறினால், ஊர்ப் பள்ளியில் மிஞ்சுவது யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகள். பொதுப் பள்ளி என்ற பெயரில், யாரும் சட்டமியற்றாமலே, ஒரு சேரிப் பள்ளி உருவாகிவிடுகிறது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்திலும் 2023-ல் கரூர் மாவட்டத்திலும், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். வெட்கக்கேடு! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த தலைமுறைக்குத்தான் இந்த நஞ்சை எதிர்க்கும் வலிமை வரும். அந்தப் பெஞ்சு ஊர்ப் பள்ளியில் அல்லாமல் வேறெங்கே இருக்கிறது?

முடியாது என்பாருக்கு

'போனது போனதுதான்; இனி அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்த முடியாது' என்போரைக் கேரளத்தைப் பார்க்கச் சொல்வோம். 2016-ல், கோழிக்கோட்டு மலாப்பரம்பில் நிருவாகி மூட முனைந்த பள்ளியையும், அதுபோன்ற வேறு மூன்று பள்ளிகளையும் அந்த அரசு தானே ஏற்றுக்கொண்டது. 2017-ல் பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 45,000 வகுப்பறைகளைப் புதிய கருவிகளோடு சீரமைத்தது. ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருந்த சேர்க்கை திரும்பி ஏறத் தொடங்கியது. அண்டை வீட்டில் முடிந்தது நம் வீட்டில் முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இவைதாம். எவ்வளவு சிறிய பள்ளியானாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அதைச் சட்டமாகவே ஆக்குங்கள். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் மழலை வகுப்பு. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர். புள்ளிவிவரம் ஏற்றுவதற்குத் தனிப் பணியாளர். ஆசிரியருக்குப் பாடம் ஒன்றே பணி. தமிழில் பாடம், அத்துடன் தலைநிமிர்ந்து பேசத்தக்க ஆங்கிலம். ஆங்கிலத்தைக் காட்டித்தானே தனியார் கடை விரிக்கிறார்? அதையும் இங்கேயே செம்மையாகக் கொடுங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் உரிமைப் போராட்டங்களில் நாம் உடன் நின்றிருக்கிறோம், இனியும் நிற்போம். ஆனால் ஊரார் உங்களைக் கேட்கும் கேள்வியை நாமும் கேட்கிறோம்: உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது? நீங்கள் சமைத்த சோற்றை நீங்களே உண்ணாவிட்டால், விருந்தினர் எப்படி இலையில் உட்காருவார்?

இறுதியாக, பெற்றோர்களே! கல்வி உரிமைச் சட்டம் உங்கள் கையில் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், சரிபாதிப் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். தேநீர் குடித்துக் கையெழுத்திட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை ஆசிரியர் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள்? மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தம் பாடப் புத்தகத்தைத் தாமே படிக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். மாதந்தோறும் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

ஊர்ப் பள்ளி அமைச்சருடையதன்று, அதிகாரியுடையதன்று, ஐந்தாண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் ஆட்சியுடையதும் அன்று. நிலம் கொடுத்தவன், சுவர் எழுப்பியவன், அரிசி அளந்தவன் பேரப்பிள்ளைகளுடையது அது. உரியவர் கேட்காத சொத்தைப் பிறர் கவர்ந்துகொள்வர். கேட்போம்!